ஓடிப்போகிறவர்களுக்கு முகூர்த்தம் எது?

நம் வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் முதலில் என்ன செய்கிறோம்?

பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம். நாள் பார்க்கிறோம். நேரம் குறிக்கிறோம். "காலை 6 மணிக்கு மேல் 7½ மணிக்குள்" என்று பத்திரிகை அடிக்கிறோம். மண்டபம், சமையல்காரர், மேளம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வீட்டுக்குச் சொல்லாமல் ஓடிப்போகிற காதலர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது யார்?

"ஓடுகிறவர்களுக்கு முகூர்த்தம் ஒரு கேடா? கிடைத்த நேரத்தில் மாலையை மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம்.

அப்படி நினைப்பது தவறு. ஓடிப்போகிறவர்களுக்குத்தான் நேரம் மிகவும் முக்கியம். நம் வீட்டுக் கல்யாணத்தில் ஏதாவது தவறினால் தாங்கிப் பிடிக்க நூறு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவில் ஓடினாலும் சரி, கல்யாணம் பகலில் நடக்கட்டும். அதுவும் காலையில் நடக்கட்டும்.

ஏன் என்று கேட்கிறீர்களா? இங்கிலாந்தில் நடந்த பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

சிறைச்சாலையில் கல்யாணக் கடை

லண்டன் நகரத்தில் முன்பு பிளீட் என்று ஒரு சிறைச்சாலை இருந்தது. கடனைத் திருப்பிக் கட்டமுடியாதவர்களை அங்கே அடைப்பார்கள். கடன்பட்ட பாதிரியார்கள் சிலரும் அங்கே இருந்தார்கள்.

கையில் காசு இல்லாத அந்தப் பாதிரியார்கள் ஒரு தொழில் கண்டுபிடித்தார்கள். யார் வந்தாலும் கல்யாணம் செய்துவைப்பார்கள். பெற்றோர் சம்மதம் வேண்டாம். அறிவிப்பு வேண்டாம். காசு கொடுத்தால் போதும்.

சிறையைச் சுற்றி இருந்த சாராயக் கடைகளிலும் இந்த வியாபாரம் நடந்தது. தரகர்கள் தெருவில் நின்று ஆள் பிடித்தார்கள். சந்தையில் காய்கறி விற்பதுபோல, "கல்யாணம் வேண்டுமா, கல்யாணம்?" என்று கூவினார்கள்.

இந்தக் கடைகள் எந்த நேரமும் திறந்திருந்தன. நடுராத்திரி போனாலும் கல்யாணம் உண்டு. கூடக் கொஞ்சம் பணம் கொடுத்தால் பதிவுப் புத்தகத்தில் தேதியையும் மாற்றி எழுதிக் கொடுப்பார்கள்!

இதனால் கெட்டது யார்? பெண்கள்தான். சொத்துள்ள பெண்களை ஏமாற்றிக் கூட்டிவந்தார்கள். குடிக்கவைத்துக் கல்யாணம் செய்தார்கள். காலையில் போதை தெளிந்தால் அவள் ஒருவனுக்கு மனைவி. இன்னொரு பக்கம், உண்மையாகவே கல்யாணம் ஆன பெண்ணுக்கு அதை நிரூபிக்க வழி இல்லை. "உன்னை எனக்குத் தெரியாது" என்று கணவன் சொன்னால், அவளுக்குச் சாட்சி சொல்ல யார் வருவார்கள்?

எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி வரை

1753ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பார்லிமெண்டு ஒரு சட்டம் போட்டது. கொண்டுவந்தவர் ஹார்டுவிக் பிரபு. 1754ஆம் ஆண்டு மார்ச் 25ந் தேதி அது அமுலுக்கு வந்தது. மாதா கோவிலில் முன்கூட்டியே அறிவித்தோ, லைசென்சு வாங்கியோதான் கல்யாணம் செய்யவேண்டும். 21 வயது ஆகாதவர்கள் லைசென்சில் கல்யாணம் செய்யப் பெற்றோர் சம்மதம் வேண்டும். பிளீட் கல்யாணக் கடைகளை மூடிவிட்டார்கள்.

நேரத்தைப் பற்றி இதற்கு முன்பே ஒரு விதி இருந்தது. 1604ஆம் ஆண்டு இங்கிலாந்து திருச்சபை எழுதிய விதி அது. காலை 8 மணியிலிருந்து பகல் 12 மணிக்குள்தான் கல்யாணம் நடக்கவேண்டும் என்று அது சொன்னது.

1823ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பல்லும் நகமும் கொடுத்தது. அந்த நேரம் தவறி, தெரிந்தே கல்யாணம் செய்துவைக்கும் பாதிரியாருக்குத் தண்டனை என்ன தெரியுமா? 14 ஆண்டு நாடு கடத்தல்!

கல்யாணம் செய்த நேரத்துக்காக நாடு கடத்தலா என்று இன்று நமக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் பிளீட் சிறையின் கதையைப் படித்த பிறகு காரணம் புரிகிறது. பகலில் முகம் தெரியும். பெண் அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியும். கையெழுத்துப் போடுகிறவன் யார் என்று தெரியும். அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள். பின்னால் இல்லை என்று சொல்லமுடியாது.

சூரியனும் ஒரு சாட்சி என்று அந்தக் காலத்தார் நினைத்தார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது.

எல்லை தாண்டிய காதலர்கள்

சட்டம் கடுமையானால் காதலர்கள் சும்மா இருப்பார்களா? வழி தேடினார்கள். கிடைத்தது.

ஹார்டுவிக் பிரபுவின் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும்தான். வடக்கே இருக்கும் ஸ்காட்லாந்தில் அது செல்லாது. அங்கே பழைய வழக்கமே இருந்தது. இரண்டு சாட்சிகள் முன்னால், "இவள் என் மனைவி", "இவர் என் கணவர்" என்று இருவரும் சொன்னால் போதும். கல்யாணம் முடிந்தது. பாதிரியார்கூட வேண்டாம்.

லண்டனிலிருந்து போகும் கோச்சு வண்டிப் பாதையில், எல்லையைத் தாண்டியதும் வரும் கிராமத்தின் பெயர் கிரெட்னா கிரீன். அங்கே ஒரு கொல்லன் பட்டறை இருந்தது. பட்டறையின் அடைகல் முன்னால் ஜோடிகளை நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்தார்கள். செய்துவைத்தவர்களுக்கு "அடைகல் பாதிரியார்" என்றே பெயர் வந்துவிட்டது.

அங்கே நேரம் காலம் கிடையாது. பின்னால் பெண்ணின் அப்பா குதிரையை விரட்டிக்கொண்டு வரும்போது எட்டு மணிக்குக் காத்திருக்க முடியுமா? வந்த நேரமே முகூர்த்தம்.

பாங்கி முதலாளியின் மகள்

1782ஆம் ஆண்டு மே மாதம் நடந்த ஒரு சம்பவம் இங்கிலாந்து முழுவதும் பேச்சாக இருந்தது.

லண்டனில் ராபர்ட் சைல்டு என்ற பெரிய பாங்கி முதலாளி இருந்தார். அவருக்கு ஒரே மகள், சாரா. வயது 17. வெஸ்ட்மர்லண்டு பிரபு அவளை விரும்பினார். அப்பா சம்மதிக்கவில்லை. பிரபுவுக்குப் பட்டம் உண்டு. ஆனால் தம் பாங்கியைப் பார்த்துக்கொள்ள அவர் ஏற்றவர் இல்லை என்று அப்பா நினைத்தார்.

இருவரும் ஓடினார்கள். 300 மைலுக்கு மேல் பயணம். அப்பா துரத்தினார். எல்லைக்குப் பக்கத்தில் பிடிக்கவும் போனார். அப்போது துரத்தி வந்தவர்களின் குதிரை ஒன்றை பிரபுவின் பக்கத்தார் சுட்டு வீழ்த்தினார்கள் என்று சொல்வார்கள். ஜோடி எல்லையைத் தாண்டிவிட்டது. கல்யாணமும் முடிந்தது.

கதை இத்தோடு முடிந்தால் சினிமாக் கதை. ஆனால் முடியவில்லை. அதே ஆண்டு ஜூலை மாதம் ராபர்ட் சைல்டு இறந்துபோனார். மகள் ஓடி இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. சாவதற்கு முன்னால் ஓர் உயில் எழுதினார். தம் சொத்து மருமகனின் பட்டத்துக்கு வாரிசான மகனுக்குப் போகக்கூடாது என்று ஏற்பாடு செய்துவிட்டார். கடைசியில் அது அவருடைய பேத்திக்குப் போயிற்று.

அந்தப் பேத்தியின் மகள் என்ன செய்தாள் தெரியுமா? 1845ஆம் ஆண்டு அவளும் ஒரு ராணுவ அதிகாரியோடு கிரெட்னா கிரீனுக்கு ஓடினாள்!

இந்தக் கதையைப் படிக்கும்போது நான் சிரித்தேன். பிறகு அந்த இரண்டு மாதத்தை நினைத்தேன். குதிரை விழுந்த சாலையில் ஓர் அப்பா நின்றிருக்கிறார். அவர் மகள் வண்டியைத் திருப்பிப் பார்த்தாளா? தெரியாது. அவசரத்தில் செய்த கல்யாணத்தில் திரும்பிப் பார்க்க நேரம் இருப்பதில்லை.

21 நாள் பொறுத்திரு

1856ஆம் ஆண்டு இதற்கும் ஒரு கட்டுப்பாடு வந்தது. இருவரில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருந்தால்தான் இப்படிக் கல்யாணம் செய்யலாம் என்றது சட்டம். நல்ல சட்டம்! 21 நாளில் அப்பாவின் கோபமும் கொஞ்சம் ஆறும். பெண்ணுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும்.

1940ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு, சாட்சி முன்னால் சொன்னால் போதும் என்ற அந்தப் பழைய முறையும் ஸ்காட்லாந்தில் ஒழிந்தது. இன்றும் ஆயிரக்கணக்கான ஜோடிகள் கிரெட்னா கிரீனில் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். ஆனால் முறைப்படி முன்கூட்டியே நோட்டீசு கொடுத்துத்தான் செய்யமுடியும்.

இங்கிலாந்தின் நேரச் சட்டமும் மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1886இல் பிற்பகல் 3 மணி வரை என்றார்கள். 1934இல் மாலை 6 மணி வரை என்றார்கள். 2012ஆம் ஆண்டு அக்டோபரில் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். 400 ஆண்டு இருந்த விதி போய்விட்டது. இப்போது நேரத்தைச் சட்டம் குறிப்பதில்லை. ஜோடிகளேதான் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கு ஓடுகிறவர்கள் யார்?

இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் "ஓடிப்போய்க் கல்யாணம்" என்ற பேச்சுக்கு அர்த்தமே மாறிவிட்டது. அப்பா துரத்துவதில்லை. குதிரையும் இல்லை. பெரிய செலவும் பெரிய கூட்டமும் வேண்டாம் என்று நினைக்கிற ஜோடிகள், மலைக்கோ கடற்கரைக்கோ பாலைவனத்துக்கோ போகிறார்கள். கூட இரண்டு மூன்று பேர். வானமே பந்தல். அங்கேயே கல்யாணம். பல ஜோடிகள் பெற்றோரிடம் சொல்லிவிட்டே போகிறார்கள். சிலர் சொல்லாமல் போகிறார்கள்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோடிகள் தாங்களே தங்கள் கல்யாணத்தை நடத்திக்கொள்ளலாம். புரோகிதரோ நீதிபதியோ வேண்டாம். சாட்சிகூடச் சட்டப்படி தேவையில்லை. லைசென்சு மட்டும் வாங்கவேண்டும். வாங்கிய 35 நாளுக்குள் கல்யாணத்தை முடிக்கவேண்டும்.

சட்டம் இவ்வளவு இடம் கொடுத்த பிறகு அவர்களுக்கு மிஞ்சியிருக்கும் பெரிய கேள்வி ஒன்றுதான். எத்தனை மணிக்கு?

இதை அழகு பார்க்கும் விஷயம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வெட்டவெளியில் நேரம் தவறினால் ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு பொழுதாகப் பார்ப்போம்.

நடுப்பகல் வேண்டாம்

உச்சி வெயிலில் கல்யாணம் செய்வது போல் தவறு வேறில்லை. சூரியன் தலைக்கு மேல் நிற்கும். கண்ணுக்குக் கீழே நிழல் விழும். பெண் கண்ணைச் சுருக்குவாள். படத்தில் அவள் கோபமாக இருப்பதுபோல் தெரியும்.

படம் போனால் போகட்டும். உயிர் இருக்கிறதே! அமெரிக்காவில் மரணப் பள்ளத்தாக்கு என்று ஒரு பாலைவனம். 1913ஆம் ஆண்டு ஜூலையில் அங்கே பாரன்ஹீட் 134 டிகிரி வெயில் பதிவாயிற்று. கோடைக்காலத்தில் காலை 10 மணிக்கு மேல் அங்கே நடக்கவேண்டாம் என்று பூங்கா அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள். கிராண்டு கான்யன் என்ற பெரும் பள்ளத்தாக்கிலும் கோடையில் 10 மணி முதல் 4 மணி வரை உள்ளே இறங்கி நடக்கவேண்டாம் என்கிறார்கள்.

மலை குளுமையாக இருக்குமே, அங்கே நடுப்பகல் ஆகாதா? கொலராடோவின் ராக்கி மலையில் வேறு ஓர் ஆபத்து. கோடையில் காலை வானம் கண்ணாடிபோல் இருக்கும். வெயில் ஏற ஏற மலைச் சரிவில் காற்று சூடாகி மேலே எழும். மேகம் கூடும். பிற்பகலில் இடியும் மின்னலும் வந்துவிடும். மரமே இல்லாத மொட்டை உச்சியில் மின்னலுக்கு முதலில் அகப்படுவது அங்கே நிற்கும் மனிதன்தான். ஆகவே மலை ஏறுகிறவர்கள் நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்கிவிடவேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விதி.

மாலை அழகு, ஆனால்...

படம் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் மாலை நேரத்தைத்தான் சொல்வார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதன் ஒளி நெடுந்தூரம் காற்றைத் துளைத்து வருகிறது. வழியில் நீல நிறம் சிதறிப்போகிறது. பொன்னிறமும் சிவப்பும் மிஞ்சுகின்றன. அந்த வெளிச்சத்தில் எந்த முகமும் அழகுதான். மாநிறப் பெண்ணும் தங்கச் சிலைபோல் தெரிவாள்.

ஆனால் மாலைக்குச் சில குறைகள் உண்டு.

முதல் குறை, தாமதம். நம் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை அரை மணி தாமதமானால் நாதசுரக்காரர் இன்னொரு பாட்டு வாசிப்பார். அஸ்தமனத்துக்குக் குறித்த கல்யாணத்தில் அரை மணி தாமதமானால் சூரியன் காத்திருக்காது.

இரண்டாவது, மலை. காலண்டரில் அஸ்தமனம் 8 மணி என்று போட்டிருக்கும். மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் சூரியன் அதற்கு வெகு நேரம் முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். கலிபோர்னியாவில் யோசெமிட்டி என்ற இடத்தில் 3,000 அடி உயரப் பாறைச் சுவர்கள் நிற்கின்றன. அடியில் நிற்கிறவர்களுக்கு எவ்வளவு சீக்கிரம் நிழல் விழும் என்று எண்ணிப்பாருங்கள்.

மூன்றாவது, காற்று. கடற்கரையில் பிற்பகலில் கடல் காற்று வீசும் என்று மெரினாவுக்குப் போகிற குழந்தைக்கும் தெரியும். பெண்ணின் முக்காடு பறக்கும். சொல்லும் உறுதிமொழி பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது.

நான்காவது, இருட்டு. இதுதான் பெரிய குறை. கல்யாணம் முடிந்து திரும்பவேண்டுமே! புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் தெரியாத காட்டுப் பாதையில் கைவிளக்கோடு இறங்குவார்கள். வழி தவறினால் யாரிடம் கேட்பார்கள்? ஓடிப்போய்ச் செய்யும் கல்யாணத்தில் பின்னால் தேடி வர ஆள் கிடையாது.

விடியற்காலை எப்படி?

அப்படியானால் சூரிய உதயம்? கூட்டம் இல்லை. காற்று இல்லை. ஏரித் தண்ணீர் அசையாமல் இருக்கும். மலை தலைகீழாக அதில் தெரியும். நல்ல நேரம்தான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடையில் அங்கே 5½ மணி சுமாருக்கு உதயம். உச்சிக்கு ஒரு மணி நேர நடை என்றால் 4 மணிக்குப் புறப்படவேண்டும். அலங்காரத்துக்கு 2 மணிக்கே எழுந்திருக்கவேண்டும். தூக்கம் இல்லாத கண்ணோடு, வெறும் வயிற்றோடு, குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கும் பெண்ணுக்கு எந்த வெளிச்சம் அழகு கொடுக்கும்? ஏறும்போதும் இருட்டில்தானே ஏறவேண்டும்?

ஸ்காட்லாந்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. மிட்ஜ் என்ற பூச்சி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறிய பூச்சி. கோடையில் விடியலிலும் அந்தியிலும், காற்று அசையாத நேரத்தில், கூட்டம் கூட்டமாக வந்து கடிக்கும். ஸ்கை தீவில் கல்யாணம் செய்ய ஆசைப்படும் ஜோடிகள் உறுதிமொழி சொல்லும்போது கன்னத்தில் அடித்துக்கொள்வது நன்றாகவா இருக்கும்? வெயில் கொஞ்சம் ஏறி, இளங்காற்று வீசத் தொடங்கினால் அந்தப் பூச்சி ஒதுங்கிவிடும்.

அதே ஸ்காட்லாந்தில் ஜூன் மாதம் இரவு 10 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் நடந்த யாரோ ஒருவர் கல்யாணப் படத்தைப் பார்த்து, டிசம்பரில் மாலை 5 மணிக்கு நேரம் குறித்தால் இருட்டில்தான் மோதிரம் மாற்றவேண்டும்.

விரலால் ஒரு கணக்கு

இதற்கு நிபுணர் வேண்டாம். நம் கையே போதும்.

நேரம் குறிப்பதற்கு முந்தின நாள் அந்த இடத்துக்குப் போங்கள். கையை முழுதும் நீட்டுங்கள். விரல்களைப் படுக்கையாக வைத்துச் சூரியனுக்குக் கீழே பிடியுங்கள். சூரியனை நேராக உற்றுப் பார்க்கவேண்டாம். சூரியனுக்கும் அது மறையப் போகும் மலைக்கும் நடுவே எத்தனை விரல் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். ஒரு விரலுக்குச் சுமார் கால் மணி நேரம். நான்கு விரல் என்றால் ஒரு மணி நேர வெயில் பாக்கி இருக்கிறது.

கடற்கரை என்றால் இன்னொன்றும் பார்க்கவேண்டும். கடல் பெரும்பாலான கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும். இரண்டு தடவை வற்றும். அந்த நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமெரிக்காவின் ஆரெகன் கரையில் ஆள் உயரத்துக்குக்கூட நீர் ஏறும். இன்று 9 மணிக்கு நின்ற மணல் திட்டில் அடுத்த வாரம் 9 மணிக்கு அலை அடிக்கும்.

காகிதத்தையும் மறக்கக்கூடாது. லைசென்சு கொடுக்கும் ஆபீசு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று கேட்டுக்கொள்ளவேண்டும். லாஸ் வேகாசில் காலை 8 மணி முதல் நடுராத்திரி வரை திறந்திருக்கும். எல்லா ஊரும் லாஸ் வேகாஸ் இல்லை. தேசியப் பூங்காவில் கல்யாணம் செய்யப் பொதுவாக முன் அனுமதியும் வேண்டும்.

என் முகூர்த்தம்

இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் விடை காலை 8 மணி. சூரியன் உதித்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். பாதை தெரியும். குளிர் விட்டிருக்கும். வெயில் ஏறியிராது. இடிமேகம் வர இன்னும் நேரம் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடித்துத் திரும்ப ஒரு பகல் முழுவதும் பாக்கி இருக்கும். தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள இடம் உண்டு.

குளிர்காலத்தில் வடதேசங்களில் 8 மணிக்கு விடிந்திராது. அங்கே 11 மணி என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கு ஒன்றுதான். நன்றாக விடிந்த பிறகு, பொழுது நிறைய மிச்சம் இருக்கும்போது.

1604ஆம் ஆண்டு விதி சொன்னதும் 8 முதல் 12 தானே! சட்டம் போய்விட்டது. அதில் இருந்த புத்தி போகவில்லை.

"ஓடிப்போகிறவர்களுக்குப் போய் யோசனை சொல்லிக் கொடுக்கிறீரே, இது நியாயமா?" என்று சில பெரியவர்கள் என்னைக் கோபிக்கலாம். ஓடுகிறவர்கள் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஓடப்போவதில்லை. நான் எழுதாவிட்டால் நிற்கப்போவதும் இல்லை. ஓடுவது என்று முடிவு செய்துவிட்டால், அந்தப் பெண் பத்திரமாக இருக்கவேண்டும். அவள் கல்யாணத்தை நாளைக்கு யாரும் இல்லை என்று சொல்லமுடியாதபடி இருக்கவேண்டும். அவ்வளவுதான் என் கவலை. கொலராடோ சட்டம் சாட்சி கேட்காவிட்டாலும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பகலில் நிறுத்துங்கள். அவர்கள் உங்கள் முகத்தைப் பார்க்கட்டும்.

அம்மாவுக்குச் சொல்லும் நேரம்

கடைசியாக ஒன்று. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

நம் ஊர்ப் பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களிலும் ஒருவர் இப்படி மலையில் கல்யாணம் செய்ய நினைக்கலாம். வீட்டில் சம்மதம் கிடைக்காமல் இருக்கலாம். கேட்கவே பயந்திருக்கலாம்.

அவர்களுக்குச் சொல்கிறேன். கோடையில் கொலராடோவில் காலை 8 மணி என்றால் நம் ஊரில் இரவு 7½ மணி. அப்பா வேலையிலிருந்து வந்திருப்பார். அம்மா இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டும் நேரம். இருவரும் விழித்திருப்பார்கள். நடுப்பகலில் செய்தால் இங்கே இரவு 11½ மணி. தூங்கும் அம்மாவை எழுப்பி இந்தச் செய்தியைச் சொல்வதா?

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் முடிந்த பிறகு இன்னொரு தடவை செய்யுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். அழுதால் போனை வைக்காதீர்கள். ராபர்ட் சைல்டின் மகளுக்கு அந்த வசதி இல்லை. குதிரை வண்டி எல்லை தாண்டியது. இரண்டு மாதத்தில் அப்பா போய்விட்டார்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. இரவு 7½ மணிக்கு அந்த மணி அடித்தால் எடுங்கள். கோபத்தை நாளைக்கும் வைத்துக்கொள்ளலாம். மகளின் கல்யாண வேளை இன்னொரு தடவை வராது.